வசந்தாமணி பின்னால் வந்த தண்ணீர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த வசந்தாமணி, மூன்று நாளாகத் தான் லாரிகளைக் கழுவிச் சாக்கடையில் விட்ட தண்ணீர் திரும்பி வந்து வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். அது மழைத் தண்ணீர் இல்லை. வேலாங்கரட்டில் மழை பெய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. குழாய் உடைந்த தண்ணீரும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால்தானே உடைந்தால் ஒழுகும். கறுப்பாக, மேலே எண்ணெய் மயில்கழுத்து நிறத்தில் மினுங்க, பச்சை ஷாம்புவின் நுரை ஓரங்கட்டி நிற்க, ஒரிசாச் செம்மண்ணும் அரியலூர் சிமெண்டும் ஈரோட்டு மஞ்சள்தூளும் உள்ளே கலங்க, எந்த லாரி எந்த ஊருக்குப் போய் வந்தது என்பதை ஒளிக்காமல் காட்டிக்கொண்டு, பந்திப்பாய் அளவுக்கு அது தெருவில் விரிந்து கிடந்தது. அவர்கள் வீடு கரட்டுக் குன்றின் மேல்பகுதியில் இருந்தது. நாலு தெரு இறங்கிக் குளத்துக்குப் போன தண்ணீர் மேடேறி வந்திருந்தது.

“ஏனுங்க, இங்க வாங்க,” என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “நம்ம தண்ணி வந்திருக்குது.”

அவள் புருசன் சென்னியப்பன் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். “வந்தா வரட்டும். கூட்டித் தள்ளு,” என்றான்.

அவள் கூட்டித் தள்ளினாள். அது முணுக்கென்று ஒரு சத்தம்கூட இல்லாமல் சாக்கடைக்குள் இறங்கியது. அவள் கோலம் போட்டு, காப்பி வைத்து, தம்ளரோடு வெளியே வந்தபோது கோலத்தில் ஒரு புள்ளியையும் நனைக்காமல் சுற்றிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நின்றது.

பதினொரு வருடமாக அவர்களுக்கு அதுதான் தொழில். ஒரு குட்டியானை வண்டி, அதன் முதுகில் ஆயிரம் லிட்டர் தொட்டி, ஒரு பம்பு, முப்பது மீட்டர் குழாய், குழாய் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு பீச்சி. போன் பண்ணினால் போதும், லாரிப்பட்டறையோ கல்யாண மண்டபமோ கோழிப்பண்ணையோ கார் நிற்கும் வீடோ, இருந்த இடத்துக்கே வந்து கழுவிக் கொடுப்பார்கள். சென்னியப்பன் வண்டி ஓட்டி ஷாம்பு கலக்குவான். பீச்சியைப் பிடிப்பது வசந்தாமணிதான். அவன் கையில் இருந்தால் அது பெயிண்டையும் சேர்த்து உரித்துவிடும். அவள் கையில் இருந்தால் கதவோரம் ஊரும் எறும்பை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் எடுக்கும் என்று ஊரில் பேச்சு. கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும், தெரு போகும் வழியில் சாக்கடை, சாக்கடை போகும் வழியில் குளம், அத்தோடு சரி.

அன்றைக்கு ஒரு மண்டபத்தில் வேலை இருந்தது. வண்டி கிளம்பியதும் தண்ணீரும் கிளம்பியது. வண்டி வேகமாகப் போனால் அது பின்தங்கியது. ஆனால் அவசரப்படாமல், வழி கேட்காமல், மனுசர் நடக்கும் வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. மண்டபத்தில் பாதி தரை கழுவி முடிப்பதற்குள் வாசலில் வந்து நின்றது. புதிதாகக் கழுவின தண்ணீர் சரிந்து வந்து அதோடு சேர்ந்துகொண்டது. மீதித் தரை முடிந்ததும் சென்னியப்பன் அவசரமாகக் குழாயைச் சுருட்டினான். மறுநாள் அவன் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கும் நிற்காமல் ஈரோடு வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வேறு வழியில் திரும்பி வந்தான். வந்து படுத்துத் தூங்கி எழுந்து, தப்பித்தோம் என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, நெடுஞ்சாலைப் புழுதியெல்லாம் மேலே படிந்து, ஒரு பஸ் டிக்கெட் ஓரத்தில் மிதக்க, தண்ணீர் தெரு முனை திரும்பியது.

“பாவம், ரொம்ப தூரம் அலைஞ்சிருக்குது,” என்றாள் வசந்தாமணி.

“உனக்குப் பாவமா இருக்குது. நாளைக்குக் கூப்பிடறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?” என்றான் அவன்.

வேலாங்கரடு முதல் நாள் மதில்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கியது. மூன்றாம் நாள், பாரம் சுமந்து வருகிறவருக்குச் சொல்கிற மாதிரி, “வழி விடுங்க, தண்ணி வருது,” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பெண்கள் கோலத்தை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். பள்ளிக்கூட வேன் காலை எட்டு நாற்பதுக்கு முச்சந்தியில் நின்று அது கடந்து போன பிறகு கிளம்பியது. அதைப் பார்த்து எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார். காக்கைகள் அதில் வாய் வைக்கவில்லை. ஒரு மைனா மட்டும் தெரியாமல் அலகை நனைத்துவிட்டு, அரை மணி நேரம் அலகை மதிலில் துடைத்துக்கொண்டிருந்ததை நிறையப் பேர் பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து குனிந்து பார்த்து, “படி தாண்டுதா?” என்று கேட்டார். இல்லை என்றார்கள். “அப்ப மரியாதை தெரிஞ்சதுதான். இருந்துட்டுப் போகட்டும்,” என்று திருநீறு போட்டுவிட்டுப் போனார். நகராட்சியில் சுகாதாரப் பிரிவுக்குப் புகார் போனது. அங்கே தெருவில் திரியும் மாடுகளுக்கு ஒரு கோப்பும் தெருவில் திரியும் நாய்களுக்கு ஒரு கோப்பும் இருந்தன. வந்த அலுவலர் வெகுநேரம் யோசித்து, ‘தெருவில் திரியும் நீர்’ என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, உரிமையாளர் யார் என்ற இடத்தில் வசந்தாமணியின் பெயரை எழுதி, உரிமையாளர் இருப்பதால் இது திரியும் நீர் ஆகாது என்று அடுத்த வரியிலேயே முடித்தும் வைத்தார்.

பேர் எழுதப்பட்ட நாளிலிருந்து வசந்தாமணிக்கு அதன்மேல் ஒரு யோசனை வந்துவிட்டது. பயம் இல்லை அது. ஊரில் இன்னும் மூன்று பேர் இதே மாதிரி வண்டி வைத்துக் கழுவுகிறார்கள், அவர்கள் விட்ட தண்ணீர் போனது போனதுதான், தன்னுடையது மட்டும் ஏன் வருகிறது, வந்து என்ன கேட்கிறது என்று துணி துவைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் யோசித்தாள். ஒரு நாள் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “என்ன வேணும் சொல்லு,” என்று நேராகவே கேட்டுப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு சுழி எழுந்து அடங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் அது வளர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆயிரம் லிட்டர் சேர்ந்து, தீபாவளிக்கு முன்னால் தெருவின் இரண்டு ஓரத்தையும் தொட்டது. கூப்பிடுகிறவர்கள், “நீங்க வாங்க, அதை விட்டுட்டு வாங்க,” என்றார்கள். பிறகு கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். அந்த வருடம் தீபாவளிக்கு வசந்தாமணி பீச்சியைக் கையால் தொடவே இல்லை.

சென்னியப்பன் கடப்பாரையை எடுத்தான். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, “இறங்கு,” என்றான். தண்ணீர் இறங்கியது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இறங்கி, மண்ணுக்குள் போய், ஆறு நாள் கண்ணில் படவே இல்லை. ஏழாம் நாள் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு சொம்போடு வந்தார். சண்டை போடவில்லை. சொம்பை மதில்மேல் வைத்தார்.

“எங்க போர்த் தண்ணி. காலைல ரசம் வெச்சேன். நுரை பொங்குச்சு, வசந்தா.”

வசந்தாமணி சொம்பை முகர்ந்து பார்த்தாள். பச்சை ஷாம்பு. அவளே தேர்ந்தெடுத்து வாங்குகிற ஷாம்பு. அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. “மன்னிச்சுக்கோங்க டீச்சர்,” என்றாள். அன்று முழுக்கச் சென்னியப்பனோடு சேர்ந்து டீச்சர் வீட்டுத் தொட்டியைக் காலி செய்து கழுவி, லாரியில் விற்கும் நல்ல தண்ணீர் வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். குழியிலிருந்து தண்ணீர் தானாகவே ஏறி வந்து வாசலில் நின்றது.

மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, “வா,” என்று சொல்லி அதைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே விட்டோமோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். பதினொரு வருடத்தில் அவள் குளத்துக்கு வந்ததில்லை. கரை கறுத்துக் கிடந்தது. கோரைப்புல் எண்ணெய் தடவிச் சீவிவிட்ட மாதிரி ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. குளத்து விளிம்புக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. கைவைத்துத் தள்ளினாள், போகவில்லை, கெஞ்சினாள், போகவில்லை.

“அது வராது. நாந்தான் வராதேன்னு சொல்லியிருக்கறேன்,” என்றது ஒரு குரல்.

மதகோரம் கீரைப்பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் அருக்காணி. வேலாங்கரட்டில் பாதி வீடுகளுக்கு அவள்தான் கீரை கொண்டுவருகிறவள். ஆறேழு மாதமாக வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வசந்தாமணி சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனக்கா இப்பெல்லாம் கீரை கொண்டாரதில்ல?”

“எதைக் கொண்டாரது? அரைக்கீரை வெதைச்சா டீசல் மணக்குது. கடைஞ்சு வாயில வெச்சா லாரிய நக்குன மாதிரி இருக்குதுங்கறாங்க.” அருக்காணி கையை உதறிக்கொண்டு எழுந்து வந்து தண்ணீரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். “இதேதான். பூசையன்னிக்குச் சாயங்காலம் என்ற கொத்தமல்லிப் பாத்தி மொத்தமும் இது நின்னுது. எனக்கு வந்துது பாரு ஆத்திரம். வெளக்கமாத்த எடுத்து, உனக்கு இங்க என்ன சோலி, உன்னய விட்டவங்க வீட்டுக்குப் போன்னு நாலு சாத்து சாத்தினேன். போயிருச்சு.”

“மத்தவங்க தண்ணியும் இங்கதான வருது?”

“வருது. அதுகளையுந்தான் தொரத்தினேன். இது ஒண்ணுதான் சொன்னாக் கேட்டுது.”

வசந்தாமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கீரைத்தண்டைக் கிள்ளி மென்றாள். அருக்காணி சொன்னது சரிதான். துப்பாமல் விழுங்கினாள்.

“இங்கயும் விட முடியாது, குழியிலயும் விட முடியாது. அப்பறம் எங்கதாங்க்கா கொண்டுபோறது?”

“என்னயக் கேட்டா? இத்தன நாளு உன்ற பின்னால வந்துச்சே, ஒரு நாளாச்சும் நீ அதும் பின்னால போனயா?”

அதுவரைக்கும் யாருக்கும் தோன்றாத காரியம் அது. வசந்தாமணி எழுந்து ஒதுங்கி நின்று, சேலையை இழுத்துச் செருகி, “சரி, நீ முன்னாடி போ,” என்றாள். தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு முனை திரும்பியது, முனைக்குப் பின்னால் உடம்பு திரும்பியது, குளக்கரையை விட்டு, தென்னந்தோப்பு ஓரமாக, புறவழிச்சாலையில் ஏறி, சிவப்பு விளக்கில் நின்று பச்சை விளக்கில் கடந்து, கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்கியது. அவள் பின்னால் நடந்தாள். விஷயம் கேள்விப்பட்டுச் சென்னியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தான். அவன் பின்னால், வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக ஐம்பது அறுபது பேர், எங்கேதான் போகிறது பார்த்துவிடுவோம் என்று வந்தார்கள்.

ஏழு கிலோமீட்டர் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில், நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் தண்ணீர் நின்றது. கட்டி நாலு வருடமாகியும் ஊரில் பலர் அதைப் பார்த்ததில்லை. வீட்டுக் கழிவறைக் குழாய்கள்தான் அங்கே போயின, தெருச் சாக்கடை இன்னும் குளத்துக்கே போனது. உள்ளிருந்து முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். பெயர் ரெக்ஸ்லின்; நாகர்கோவில் பக்கம்; நிலையத்தை ஓட்டுகிற பொறுப்பு அவளுடையது. கூட்டத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பேனாவைத் திறந்தாள்.

“எத்தன லிட்டர் இருக்கும்க்கா?”

“ஒரு நாப்பதாயிரம் இருக்குமுங்க,” என்றான் சென்னியப்பன்.

“சரி. இதுல என்னெல்லாம் இருக்கு?”

அந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருவரும் வசந்தாமணியிடம் கேட்டதில்லை. என்ஜின் எண்ணெய், என்றாள். கிரீஸ். டீசல். ஷாம்பு, பச்சை நிறத்தது. விடாப்பிடிக் கறைக்கு ஆசிட், சொல்லக்கூடாது, ஆனாலும் நாலஞ்சு தடவை. பிரேக்கிலிருந்து வருகிற கறுப்புப் பொடி. டயர்த் துகள். கோழிப்பண்ணையில் கழுவின எச்சம், இறகு. மண்டபத்துச் சாம்பார், பாயசம், வெற்றிலைத் துப்பல். செம்மண், சிமெண்டு, மஞ்சள்தூள். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. தன் கை இத்தனையைத் தொட்டிருக்கிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் தண்ணீரில் அந்தந்த இடத்தில் அது மேலே வந்து காட்டிவிட்டு உள்ளே போனது.

ரெக்ஸ்லின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “இப்பிடியே உள்ள விட முடியாதுக்கா,” என்றாள். வசந்தாமணியை மட்டும் உள்ளே கூட்டிப்போய், பழுப்பாகக் குமிழிவிட்டுக்கொண்டிருந்த பெரிய தொட்டியைக் காட்டினாள். “இதுல கண்ணுக்குத் தெரியாத உயிரு கோடிக்கணக்குல கெடக்கு, பாத்துக்கிடுங்க. ஊரு அழுக்கெல்லாம் அதுங்கதான் தின்னு தீக்குது. இந்த எண்ணெயும் ஆசிடும் உள்ள போச்சுன்னா ஒரே நாள்ல செத்துப்போவும்.”

அதைக் கேட்டதும் கேட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர் நாலடி பின்வாங்கியதைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது.

“மண்ணை எறக்கிட்டு, எண்ணெயை எடுத்துட்டுக் கொண்டாங்க. நான் சோதிச்சுப் பாத்துச் சீட்டு தாறேன். அப்பறம் வாங்கிக்கிடுதேன்.”

“இத்தன பேரு கூட்டமா வந்திருக்கறம். ஒரு வார்த்தை ஆச்சரியமாக் கேக்கலியே நீங்க,” என்றாள் வசந்தாமணி தாங்கமாட்டாமல்.

“ஆச்சரியந்தான்க்கா. நாலு வருசமா இங்க இருக்கேன். தானா தேடி வந்தது இது ஒண்ணுதான்.”

ரெக்ஸ்லின் தாளின் பின்பக்கத்தில் மூன்று தொட்டிகளை வரைந்து கொடுத்தாள். சென்னியப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான். மூன்றாம் நாள் பழைய லாரித் தொட்டிகள் மூன்றை வாங்கி வந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வளைந்த குழாய் வைத்து வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினான். அவர்கள் பின்னாலேயே வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த தண்ணீர் யாரும் சொல்லாமலே பகுதி பகுதியாக முதல் தொட்டியில் ஏறியது. அங்கே மண் இறங்கியது. இரண்டாவதில் எண்ணெய் மிதந்தது. வசந்தாமணி தேங்காய் நாரைச் சாக்கில் கட்டி மேலே போட்டு, எண்ணெயை ஊறவைத்துப் பிழிந்து பிழிந்து டின்னில் சேர்த்தாள், பழைய எண்ணெய் வாங்க அனுமதி உள்ளவர் வந்து எடுத்துப்போனார். மண்ணைத் தார்ப்பாயில் காயவைத்து, மூட்டை கட்டி, தனியாகக் குப்பை வாங்கும் இடத்தில் ஒப்படைத்தார்கள். இருபத்தாறு நாள் ஆனது. டீச்சர் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நாரைப் பிழிந்து கொடுத்தார். மூன்றாவது தொட்டியில் தண்ணீர் தெளிந்து, சென்னியப்பன் தவறவிட்ட ஸ்பேனர் ஒரு நாள் அடியில் கிடப்பது தெரிந்தது. தெருவே வந்து ஸ்பேனரைப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசிச் சீட்டு கிடைத்த அன்று கேட் திறந்தது. தண்ணீர் உள்ளே போனது. அது திரும்பிப் பார்த்ததா என்று சென்னியப்பன் பிறகு கேட்டான். தண்ணீருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட் மூடின பிறகும் அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வேலைக்குப் போனால் முதலில் சாக்கடை வாயை மணல்மூட்டை வைத்து அடைத்தார்கள். கரை உயர்த்தின ரப்பர் விரிப்பில் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். கழுவின தண்ணீரை உறிஞ்சி வண்டியிலேயே இன்னொரு தொட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு வேலைக்கு முக்கால் மணி நேரம் கூடுதலானது. பழையபடி கூப்பிடத் தொடங்கினவர்கள் அதற்கு முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். தண்ணீர் தெருவில் நடந்ததற்கே பழகின ஊர் அது. மற்ற மூன்று வண்டிக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து வளைந்த குழாயை அளவெடுத்துப் போனார்கள். அருக்காணியின் பாத்தி அவ்வளவு சீக்கிரம் தேறவில்லை. இரண்டு மழை கழுவினால்தான் என்று அவளே சொல்லிவிட்டு, தை மாதம் முழுக்க, சாயப்பட்டறைத் தண்ணீர் கலக்கும் ஆற்றின் ஓரத்தில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டில் போய் இருந்தாள். அங்கே பொழுது போகாமல் எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விளக்குமாறு இருந்தது.

மாசி முதல் வாரத்தில் ஒரு நாள் நடுப்பகலில் வசந்தாமணி வீட்டு முன்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்சக்கரம் இரண்டும் செக்கச்சிவந்திருந்தன. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் இறங்கினார். சட்டை கசங்கி, நாலு நாள் தூங்காத கண்ணோடு, தெருக் கோடியைக் கையால் காட்டினார். காட்டாமலே தெரிந்தது. தெருக் கோடியில் தொடங்கி, முச்சந்தி தாண்டி, கரட்டுச் சரிவு முழுக்க இறங்கி, புறவழிச்சாலை வரைக்கும் சிவப்பும் நீலமுமாக ஒரு ஆறு நின்றுகொண்டிருந்தது. வேலாங்கரட்டுக்காரர்கள் கோலப்பொடியையும் சைக்கிளையும் ஓரமாக எடுத்து வைத்து அதற்கு வழி விட்டிருந்தார்கள். யாரும் மதில்மேல் ஏறவில்லை.

“நீங்கதான் வசந்தாமணிங்களா?” என்றார் அவர். “உங்களைக் கேட்டாத் தெரியும்னு வழியெல்லாம் சொன்னாங்க. இதை எப்படியாச்சும்…”

“முதல்ல உக்காருங்க,” என்று நாற்காலியை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் வசந்தாமணி. அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து கேட்டாள்:

“இதுல என்னென்ன போட்டிருக்கறீங்க?”

“வெறும் சாயந்தானுங்க,” என்றார் அவர்.

தெருவில் நின்ற ஆறு ஒரு படி உயர்ந்தது.

“அப்பறமுங்க?” என்றாள் வசந்தாமணி.